ஓடிடி படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கீழ் அறை லேப்டாப்பில் இருக்கும் படம் திக்குகிறது – உதவி தேவை

ராக்கோழி:
வணக்கம். மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

கீழே ஹாலில் இணைய நிறுவனம் கொடுத்த மோடம். அதிலிருந்து சுவரோரமாக ஒரு கேபிள் மாடிக்குப் போகிறது. மாடியில் நானே வாங்கி வைத்த இன்னொரு ரௌட்டர். கேபிளை அதன் வான் போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில், செருகியிருக்கிறேன். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. டிவி மாடி வைஃபையில் இருக்கிறது. ஹாலில் ஒரு பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் (வீட்டுக்குள்ளேயே படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) போட்டு, என்னிடம் இருக்கும் படங்களையெல்லாம் அதில் வைத்திருக்கிறேன். அது மோடத்தோடு கேபிளில்.

தொல்லை இரண்டு. ஹாலில் உட்கார்ந்து போனில் ஓடுவதை டிவிக்குக் காஸ்ட் பண்ணப் போனால் டிவி பட்டியலிலேயே வராது. மாடி ஏறினால் வரும். டிவியில் இருக்கும் ஜெல்லிஃபின் ஆப்பும் சர்வரைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, 192.168.1.20 என்ற லேப்டாப்பின் நெட்வொர்க் முகவரி எண்ணை ரிமோட்டில் ஒவ்வொன்றாகக் குத்தினால்தான் திறக்கிறது.

இன்னொன்று 4கே. ஓடிடியில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. லேப்டாப்பில் இருக்கும் 4கே ஃபைலைப் போட்டால் பேச்சுக் காட்சி வரைக்கும் ஒழுங்கு. மழைக் காட்சியோ கூட்டக் காட்சியோ வந்தால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

வேகமும் பார்த்தேன். ஹாலில் போனில் 190 எம்பிபிஎஸ், மாடியில் 94. மாடிக்குப் போனால் வைஃபை குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

வேகப்பிரியன்:
வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சேனலை (அது பேசும் அலைவரிசையை) 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், மற்றவை ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதற்கும் மசியாவிட்டால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மெஷ் செட் (வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்காக இயங்கும் ரௌட்டர் கூட்டம்) வாங்கிவிடுங்கள். நிம்மதி.

கம்பிக்காரர்:
பொறுங்கள், எதையும் தூக்கிப் போட வேண்டாம். எண்ணை அடித்தால் திறக்கிறது, தானாகத் தேடினால் கிடைக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க் இருக்கிறது.

கேபிள் வான் போர்ட்டில் இருப்பதால் மாடி ரௌட்டர் தனிக்குடித்தனம் நடத்துகிறது. டிவியின் எண்ணைப் பாருங்கள், 192.168.1-இல் இருக்காது, 192.168.0 போல வேறொரு வரிசையில் இருக்கும். உள்ளே இருக்கும் டிவி வெளியே இருக்கும் லேப்டாப்பை எண் சொல்லிக் கூப்பிட முடியும். ஹால் போன் உள்ளே இருக்கும் டிவியைப் பார்க்க முடியாது. காஸ்ட் பட்டனைத் தொட்டதும் போன் 224.0.0.251 என்ற முகவரிக்கு ‘யாரெல்லாம் இருக்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி அனுப்பும். அந்தக் கேள்வி ரௌட்டரைத் தாண்டாது. ஜெல்லிஃபின் ஆப் சர்வரைத் தேடும் கூவலும் அப்படித்தான்.

மாடி ரௌட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் நடத்தாமல் மோடத்தின் வைஃபையை நீட்டும் முறை) இருந்தால் அதை அமுக்கிவிட்டு, ரீஸ்டார்ட் ஆகி வரும்வரை காத்திருங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும், அதில் வரிசை முக்கியம். முதலில் வான் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்போதே எண்ணை மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்று பல ரௌட்டர்கள் ஏற்க மறுக்கும். அப்புறம் ரௌட்டரின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மோடம் தானாகக் கொடுக்கும் எண்களுக்குள் அது வரக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புது எண்ணில் மறுபடி உள்ளே போய், கடைசியாக டிஎச்சிபியை, அதாவது சாதனங்களுக்கு எண்ணைத் தானாகக் கொடுக்கும் வசதியை, அணையுங்கள். அதை முதலில் அணைத்துவிட்டு, பிறகு உள்ளே போக வழியில்லாமல் ரீசெட் பின்னைத் தேடியவர்களில் நானும் ஒருவன். எல்லாம் ஆனபிறகு கேபிளை லான் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளையில்) செருகுங்கள். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

ராக்கோழி:
கம்பி அண்ணா, கும்பிடு! டிவியின் எண் நீங்கள் சொன்னது மாதிரியே 192.168.0.103. என் ரௌட்டரில் அந்த மோட் இல்லை, கையால்தான் செய்தேன். இப்போது ஹாலிலிருந்து டிவி தெரிகிறது. என் மனைவியின் போனில் மட்டும் வரவில்லை; பார்த்தால் அவர் மோடத்தின் விருந்தினர் வைஃபையில் இருந்தார். மாற்றியதும் வந்துவிட்டது.

ஆனால் 4கே ஃபைல் அதே திக்கல். ஜெல்லிஃபின் டேஷ்போர்டில் டைரக்ட் பிளே (ஃபைலை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்றுதான் காட்டுகிறது, லேப்டாப் சும்மாதான் இருக்கிறது. எனவே டிரான்ஸ்கோடிங், அதாவது படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை, பிரச்சினை இல்லை.

மின்மினி:
நான் அந்த 94-இல் நின்றுவிட்டேன். எத்தனை தடவை பார்த்தாலும் 94 தானா, இல்லை 70, 120 என்று ஆடுகிறதா?

ராக்கோழி:
ஐந்து தடவை பார்த்தேன். 94, 94, 93, 94, 94. ரௌட்டர் பக்கத்திலேயே போனை வைத்தாலும் அதேதான்.

மின்மினி:
அப்படியானால் அது வைஃபை இல்லை. வைஃபை எண் ஒரு இடத்தில் நிற்காது, ஆளொருவர் குறுக்கே போனாலே ஆடும். 94 என்பது 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் ஒவ்வொரு தரவுத் துண்டோடும் போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது. உங்கள் மாடிக் கேபிள் 1000-க்குப் பதில் 100-இல் ஓடுகிறது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு (கேபிள் இணைப்பின் வேகம்) பாருங்கள்.

ஓடிடி ஏன் ஓடுகிறது என்றால் அதன் 4கே-க்குச் சுமார் 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். வட்டிலிருந்து அப்படியே எடுத்த ஃபைல் வேறு கதை. 4கே ப்ளூரேயின் உச்சம் 100 எம்பிபிஎஸ்-ஐயும் தாண்டும். சராசரி 70 இருந்தாலும், மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் காட்சியில் எகிறிவிடும். 94 எப்படிப் பத்தும்?

கம்பிக்காரர்:
இதை நான் கவனிக்கவில்லை, சபாஷ். கேபிளுக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு இழை போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பல ரௌட்டர்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், இணையமும் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. இரண்டு முனையையும் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்.

ராக்கோழி:
கண்டுபிடித்துவிட்டேன்! மாடி முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த ஆர்ஜே45 முனைக்குள் ஏழு இழைகள் நுனிவரை போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓரத்தில் பழுப்பு இழை மட்டும் ஒரு அரிசி நீளம் குட்டையாக நின்றுவிட்டது, உலோகப் பல் அதன்மேல் இறங்கவே இல்லை. முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் இரவல் வாங்கி, முனையை வெட்டி, மூன்றாவது முயற்சியில் ஒழுங்காகப் போட்டேன். லிங்க் ஸ்பீடு 1000. மாடியில் போனில் 190!

இந்த மகிழ்ச்சியில், வைஃபையே வேண்டாம் என்று டிவிக்கும் ரௌட்டரிலிருந்து ஒரு புதுக் கேபிள் போட்டேன். டிவியில் வேகம் பார்த்தால் மறுபடியும் 94. அந்தக் கேபிளையும் வெட்டவா?

மின்மினி:
வேண்டாம் வேண்டாம், கத்தியைக் கீழே வையுங்கள். கேபிள் நல்ல கேபிள்தான். பல டிவிகளில், விலையுயர்ந்தவற்றில்கூட, லான் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும்தான். கேபிள்தான் எப்போதும் மேல் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், இந்த ஒரு இடத்தில் அது பொய். டிவி கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள். ரௌட்டர் அதே அறையில்தானே இருக்கிறது, 94-ஐத் தாண்டிவிடும்.

ராக்கோழி:
டிவியில் வைஃபை 180. மழைக் காட்சியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், வட்டத்தைக் காணோம்.

கடைசியாக ஒரு சின்னது. படுக்கையறையில் ஒரு பழைய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருக்கிறது. அதற்கு மாடி ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியவே இல்லை. போனுக்குத் தெரிகிறது.

கம்பிக்காரர்:
ரௌட்டர் தானாக எந்தச் சேனலைப் பிடித்திருக்கிறது?

ராக்கோழி:
100.

கம்பிக்காரர்:
அதுதான். 52-இலிருந்து 144 வரை உள்ளவை பெரும்பாலான இடங்களில் ரேடாரோடு பங்குபோடும் சேனல்கள். ரௌட்டர் ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அதில் பேச வேண்டும் என்று விதி. பழைய ஸ்டிக்குகள் பல அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றைக் கையால் போடுங்கள்.

ராக்கோழி:
36 போட்டேன், ஸ்டிக் ஒட்டிக்கொண்டது. தலைப்பில் ‘தீர்ந்தது’ சேர்த்துவிடுகிறேன். கிரிம்பிங் டூலைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஹால் பக்க முனையையும் ஒருதடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.