ஒன்றா, ஒன்றரையா?

பதினோரு வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை 8.30க்கு டேபிளில் நிற்க வேண்டும். 5.30க்கு விட்டால் ஒரு ஷிப்ட், இரவு 9 வரை ஓடினால் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு.

முன்பு இருந்த கம்பெனியில், இன்று ஒன்றா ஒன்றரையா என்பது சாயங்கால டீ வரும்போதுதான் தெரியும். சூப்பர்வைசர் ஒவ்வொரு டேபிளாகச் சொல்லிக்கொண்டே போவார். "பொழுதோட போகணுங்கண்ணா, பாப்பா தனியா இருக்கும்" என்றால், "எல்லாருக்கும் வீடு இருக்குதுங்க, அனுசரிச்சுப் போங்க" என்பார். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடுவேன். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. வாரம் நாலு நாள் அதையே கேட்க நாக்கு கூசும். காலையில் எழுந்ததும் மகள் கேட்பாள், "இன்னைக்கு ஒண்ணாம்மா, ஒண்ணரையா?" எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரருக்குப் பல்லடம் பக்கம் நூல் மில்லில் வேலை. பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். அரை நைட் வாரம்தான் எங்களுக்குக் கொடுமை. அவர் வந்து சேர ஒரு மணி ஆகிவிடும், அப்போது நான் தூக்கத்தில் இருப்பேன். நான் கிளம்பும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். சோற்றை மூடி வைத்து, கேஸ் புக் பண்ணணும், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவேன். ஞாயிறு கறி எடுத்துக் குழம்பு வைத்தால், சாப்பிட்ட கையோடு இருவருக்கும் கண் சொருகிவிடும். எங்களுக்குள் வந்த சண்டையில் முக்கால்வாசி தூக்கம் போதாமல் வந்ததுதான். அது புரியவே எனக்குப் பல வருடம் ஆனது.

வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் சம்பளக் கவரில் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான் வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் டேபிளில் இதே பேச்சுதான். நாங்கள் ஏற்கெனவே ராத்திரி ஒன்பது மணிக்குத்தானே வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் வேறு கம்பெனிக்கு மாறினேன். ஷிப்டுக்குக் கூலி கொஞ்சம் குறைவு. இங்கேயும் வாரம் மூன்று நாள் ஒன்றரை உண்டு. ஆனால் எந்த மூன்று நாள் என்று திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒன்று என் வீட்டையே மாற்றிவிட்டது. வேலையிலும் வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் ஐந்து மணிக்கு மேல் கண் துணியில் இருக்கும், மனசு வீட்டில் இருக்கும். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் கண்ணில் படாமல் தப்பி, பீஸ் திரும்பி வரும், பேச்சு வாங்குவேன். இப்போது அப்படி வருவது அபூர்வம்.

திங்கள் இரவு மகள் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். ஒன்றரை வரும் நாட்களில் வட்டம் போட்டு, அம்முச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். வட்டம் போட்ட நாளில் அவிநாசியிலிருந்து நாலு மணி பஸ் ஏறி எங்கம்மா வந்துவிடுகிறார்.