ரீக்ளெய்ம்டு வாட்டருக்குத் தமிழில் என்ன சொல்?

பூங்காப் பராமரிப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கழிவுநீரை இரண்டாம் நிலைவரை சுத்திகரித்து, மணலில் வடிகட்டி, குளோரின் போட்டு, குடிநீரல்ல என்று காட்டும் ஊதாக் குழாயில் தோட்டங்களுக்கு விடுகிற நீர். வரைவில் 'மறுசுழற்சி செய்யப்பட்ட நீர்' என்றிருக்கிறது. வால்வு மூடியில் கொள்ளாது. ஒரே சொல் வேண்டும்.

——
மீள்நீர். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

——
> மீள்நீர்

மீள் தன்வினை; தானாகத் திரும்பி வந்த நீர் என்றாகிவிடும். மீட்பது நாம், எனவே 'மீட்டநீர்'. தவிர, வாள்+நுதல் வாணுதல் ஆவதுபோல் இது 'மீணீர்' ஆகவேண்டும். யாருக்குப் புரியும்?

——
மீட்ட என்றால் வீணை நினைவுக்கு வருகிறதே. 'தெளிநீர்' அழகாக இல்லையா?

——
வீணைக்கு எச்சம் 'மீட்டிய'. குழப்பமில்லை.

தெளிநீர் கூடவே கூடாது. கலிபோர்னிய விதிப்படி வடிகட்டிய நீரின் கலங்கல் சராசரி 2 என்.டி.யூ.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. அதாவது கண்ணாடி டம்ளரில் பிடித்தால் குடிநீர் மாதிரியே இருக்கும். ஆபத்தே அதில்தான். மணலும் குளோரினும் கரைந்த உப்பைத் தொடுவதில்லை. குளோரைடு ஏறினால் இலை நுனி கருகும். சோடியம் கூடினால் களிமண் இறுகி மேலேயே தண்ணீர் தேங்கும். இடையிடையே கூடுதலாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்கவேண்டும், அதற்கு வடிகால் இருக்கவேண்டும். சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான்களில் வழவழப்பாகப் படலம் கட்டி அடைக்கும்; 120 மைக்ரான் வடிகட்டி வைத்தாலும் கிளைக்குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் வருவது நிற்கும்வரை தண்ணீரை வெளியே விடவேண்டும். இதையெல்லாம் 'தெளி' மறைத்துவிடுகிறது.

——
வீட்டில் 'குடிக்கத் தண்ணீர், புழங்கத் தண்ணீர்' என்று பிரித்துச் சொல்கிறோம். 'புழங்குநீர்' இருக்க, புதுச்சொல் எதற்கு?

——
புழங்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவுவோம், வாய் கொப்பளிப்போம். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் ஊதாக் குழாயிலிருந்து சமையலறைக்கு இணைப்பு எடுத்தால்? குடிநீர்க் குழாயைவிட இதில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதே, தவறி இரண்டும் இணைந்தாலும் இந்த நீர் அந்தப் பக்கம் ஏறாமலிருக்கத்தான். குடிநீர்க் குழாயில் அழுத்தம் விழுந்தால் அந்தக் காப்பும் போச்சு.

——
மீட்டநீருக்கு நான்கு பேர், புழங்குநீருக்கு இருவர். மூடியில் 'மீட்டநீர் – குடிக்காதீர்' என்று போடுகிறேன்.

——
போடுங்கள். ஆனால் எதிலிருந்து மீட்டது என்று மூடியைப் பார்ப்பவர் கேட்பார். கழிவறைத் தொட்டிக்கும் இந்த நீர் வருகிற கட்டடங்களுக்கு அடுத்த கையேடு வரும்போது புழங்குநீரை மறுபடி எடுப்பேன்.