பதிவேட்டில் இல்லாத பழைய கட்டு, போனிலேயே ஸ்கேன் செய்யலாமா?

கிளைநூலகம்:
சின்ன ஊர்க் கிளை நூலகத்தில் வேலை. போன வாரம் பீரோவை நகர்த்தியபோது பின்னால் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டு கிடைத்தது. 1950களின் கல்யாண வாழ்த்துப்பாக்கள், தேரோட்ட நோட்டீசுகள், எட்டுப் பக்கக் கும்மிப் புத்தகங்கள். எல்லாம் ரோஸ் தாள், தொட்டால் ஓரம் அப்பளமாக உதிர்கிறது, மீதியை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது. ஒரு வாழ்த்துப்பாவில் வரிகளின் முதல் எழுத்தைக் கோத்தால் மாப்பிள்ளை பெயர் வருகிறது, கீழே 'இங்ஙனம், மளிகைக் கடை நண்பர்கள்'. மேலே கேட்டால், பதிவேட்டில் ஏறாதது நம்முடையதே இல்லை, பழைய பேப்பரோடு போடு என்கிறார்கள். அலமாரியில் இருக்கிற நாவல் இன்னும் பத்து நூலகத்தில் கிடைக்கும், இந்த நோட்டீசு வேறு எங்கே இருக்கும்? என்னிடம் போன்தான் இருக்கிறது. உரிமைச் சிக்கல் வருமா?

பழுப்புத்தாள்:
முதலில் செல்லோடேப் பக்கம் போகாதீர்கள். நாலு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், நான் கெடுத்தே கற்றுக்கொண்டேன். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ போதும், ஆனால் உங்கள் தாள் கண்ணாடியில் அழுத்தினால் நொறுங்கும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கீழே கருப்புத் தாள் விரித்து, பக்கத்தில் ஒரு அடிஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஆப் தானாகக் கருப்பு வெள்ளை ஆக்கினால் அதை அணைத்துவிடுங்கள், ரோஸ் நிறமும் ஒரு தகவல்தானே. படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் எழுத்துணரியை (OCR) நம்ப வேண்டாம், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை போட்ட 'லை', 'னை' வந்தாலே அது உளற ஆரம்பிக்கும்.

அச்சுப்பிழை:
இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை, பெயரே போடாத வெளியீடு என்றால் வெளிவந்து 60 ஆண்டு. உங்கள் கட்டில் பெரும்பாலானவை தாண்டியிருக்கும், கும்மிப் புத்தகங்களில் மட்டும் பாடியவர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்தவர். 1994-இல் சென்னையில் தொடங்கிய அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுதான் அடித்தளம். அங்கே ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள்.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஆள் செத்து 31ஆம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகமும் இப்படித்தான், தேவாரத்தோடு வம்சாவளியும் இருக்கும், வீட்டுக்காரரைத் தவிர ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள். 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இப்போது அவையும் ஏறுகின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர் பாருங்கோ, ஒரு பிரதி மட்டும் இருந்தால் பயமாகத்தான் இருக்கும். படத்தை இரண்டு இடத்தில் வையுங்கோ.

கிளைநூலகம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் 14 தாள் எடுத்தேன். தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் எட்டிப் பார்த்து, நோட்டீசின் அடியில் இருந்த அச்சகப் பெயரை வாசித்துவிட்டு, அது இருந்த இடத்தில்தான் இப்போது செல்போன் கடை என்றார். அதையும் கோப்பின் பெயரோடு குறித்துக்கொண்டேன். கட்டு இப்போதைக்கு என் மேசை டிராயரில், சாவி என் இடுப்பில்.