ஒன்பதாவது இன்னிங்ஸை இன்னும் எத்தனை தரம் பார்ப்பது?

மூன்றாம்பேஸ் (ஸ்காபரோ)
2025 நவம்பர் 1 இரவு ரொறன்ரோ ரோஜர்ஸ் சென்டரில் நம் புளூ ஜேஸுக்கும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கும் நடந்த பேஸ்போல் உலகத் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸை இந்தக் குளிர்காலத்தில் முப்பது தரமாவது பார்த்திருப்பேன். 4-4. ஒரு அவுட். மூன்று பேஸிலும் நம் ஆட்கள். நம் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை டொட்ஜர்ஸின் ரோஹாஸ் எடுத்து, தடுமாறியபடியே ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். கேட்ச்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டு ஒரு கணம் எழும்புகிறது. பந்து கையுறையில். கால் திரும்பப் பிளேட்டில் படுகிறது. மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்த நம் கைனர்-ஃபலேஃபாவின் கால் அதற்குப் பிறகுதான் வருகிறது, அவுட். அவர் பேஸிலிருந்து இன்னும் ஓர் எட்டு தள்ளி நின்றிருந்தால், 32 வருடம் கழித்துக் கோப்பை நமக்கு.

வீட்டில் எல்லோரும் "விட்டுத் தொலை" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீசனில் 162 ஆட்டம். இன்று தோற்றால் நாளைக்கு இன்னொன்று வந்துவிடும், நின்று நினைக்க நேரமே இருக்காது. ஆட்டமில்லாத இந்த மாதங்கள் நினைப்பதற்குத்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வசந்தம்வரும்
அண்ணா, நானும் அன்று அழுதேன். ஆனால் இது நினைப்பது இல்லை, புண்ணைக் கிளறுவது. இந்தக் குளிர்காலத்தில் என்னென்ன நடந்திருக்கிறது, பாருங்கள்! பந்து எறிகிற டிலன் சீஸ் 7 வருடத்துக்கு 210 மில்லியன் டொலரில் வந்துவிட்டார். ஜப்பானிலிருந்து ஒகமோட்டோ வந்திருக்கிறார். ஏப்ரலில் கீழ்மட்ட அணியில் பந்து எறிந்துகொண்டிருந்த யெசவேஜ், ஒக்டோபரில் டொட்ஜர்ஸ் மைதானத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். முழு சீசனும் ஆடினால் எப்படி இருப்பார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. நினைக்க வேண்டுமென்றால் இதை நினைக்கலாமே.

மூன்றாம்பேஸ் (ஸ்காபரோ)
தங்கச்சி, குளிர்காலச் செய்திகளை நம்பி 2023 டிசம்பர் 8 அன்று நாம் பட்டபாடு மறந்துவிட்டதா? ஜப்பானிய நட்சத்திரம் ஒஹ்தானி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று சொல்லி, ஊரே ஒரு விமானத்தின் பாதையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கியது வேறு ஆள். மறுநாள் ஒஹ்தானி டொட்ஜர்ஸுக்குப் போவதாக அறிவித்தார். அந்த ஏழாவது ஆட்டத்தில் முழங்கால் காயத்தோடு நின்று, அதே ஒஹ்தானியின் பந்தில் 3 ரன் ஹோம் ரன் அடித்தாரே நம் பிஷெட், அவர் இப்போது நியூயோர்க் மெட்ஸில். வருகிறவர், போகிறவர் கணக்கு மனதில் நிற்காது. அந்த அடி நிற்கும்.

கணக்குப்பிள்ளை
இரண்டு பேரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து எறிந்த டொட்ஜர்ஸின் யமமோட்டோ, மறுநாள் வந்து நம்மை முடித்தார். அவருடைய ஒப்பந்தம் 325 மில்லியன். ஒஹ்தானிக்கு 700 மில்லியன், அதில் 680-ஐப் பிறகு கொடுப்பார்களாம். இப்போது கைல் டக்கரையும் 4 வருடத்துக்கு 240 மில்லியனில் எடுத்துவிட்டார்கள். ஓர் எட்டு தள்ளி நின்றாரா இல்லையா என்பதை விடுங்கள், பணப்பெட்டிதான் வென்றது.

வசந்தம்வரும்
இதை நான் ஏற்கவே மாட்டேன். அந்தப் பணப்பெட்டியை 11 இன்னிங்ஸ் வரை இழுத்தது யார்? 2024-இல் 74 வெற்றியோடு கடைசி இடத்தில் கிடந்த அணி. நம் எர்னி கிளெமென்ட்டை ஓக்லண்ட் அணி வேண்டாமென்று விட்டது. அவர் ஒரே பிளேஓஃப்பில் 30 ஹிட் அடித்துப் பழைய சாதனை எல்லாவற்றையும் தாண்டினார். நம்மிடமும் பணம் இருக்கிறது, விளாடிக்கு (விளாடிமிர் குரேரோ) 500 மில்லியன் கொடுத்தோம். பணத்தைச் சொன்னால் கிளெமென்ட்டின் கை சின்னதாகிவிடும்.

கணக்குப்பிள்ளை
கிளெமென்ட் விஷயம் சரி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரு கிளெமென்ட் கிடைப்பாரா? கேள்வி அதுதான்.

மொன்றியல்காரி
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எங்கள் மொன்றியல் அணியான எக்ஸ்போஸின் ரசிகை. 1994 ஒகஸ்ட் 12 அன்று வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எங்கள் அணி 74 வெற்றி, 40 தோல்வி. முழு பேஸ்போலிலும் அதைவிட நல்ல அணி இல்லை. அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. திரும்பப் பார்க்க எனக்கு ஓர் ஆட்டமும் இல்லை. தோற்றோமா வென்றோமா என்று இன்றுவரை தெரியாது. 2004-க்குப் பிறகு அணியும் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. என் குளிர்காலம் இன்னும் முடியவில்லை.

2026 டிசம்பர் 1 அன்று வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. போன தரம் முடிந்தபோது உரிமையாளர்கள் 99 நாள் வீரர்களை உள்ளே விடாமல் கதவைப் பூட்டி வைத்தார்கள். அதனால் கணக்குப்பிள்ளை சொல்லும் பணத்தைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அந்தப் பயம் வேறு காரணத்துக்காக. தோற்ற ஆட்டமென்றாலும், கடைசிப் பந்து வரை நடந்த ஆட்டம் உங்களிடம் இருக்கிறது. மூன்றாம்பேஸ், பாருங்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும் பாருங்கள்.

வசந்தம்வரும்
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது. அண்ணா, நீங்கள் ஒன்பதாவது இன்னிங்ஸை மட்டும்தானே சொல்கிறீர்கள்? பதினொன்றாவதைப் பார்த்தீர்களா? விளாடியின் டபுளைப் பார்த்தீர்களா?

மூன்றாம்பேஸ் (ஸ்காபரோ)
இல்லை.

ஒன்பதாவதின் கடைசியில் கிளெமென்ட் அடித்த பந்தை, அப்போதுதான் உள்ளே வந்த டொட்ஜர்ஸின் பாஹெஸ் ஓடிவந்து, தன் அணியின் கீகே மேல் மோதிக்கொண்டே பிடிக்கிறார். அதோடு நிறுத்திவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். அப்பா 1989-இல் இங்கே வந்த நாளிலிருந்து கொப்பியில் ஸ்கோர் எழுதுகிறவர். 1993-இல் ஜோ கார்ட்டர் கோப்பையை வென்று தந்த ஹோம் ரன்னை அடித்தபோது நாங்கள் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தோம். மேல்வீட்டுக்காரர் குதித்ததில் சீலிங் தூசி கொப்பியில் விழுந்தது, அந்தப் பக்கத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. நவம்பர் 1 பக்கத்தில் ஒன்பதாவது வரைதான் எழுத்து. பென்சிலை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பத்தும் பதினொன்றும் வெறும் கட்டங்கள்.

வசந்தம்வரும்
அப்படியென்றால் நீங்கள் இன்னும் முழு ஆட்டத்தையும் பார்க்கவில்லை, அண்ணா. பார்ப்பதை நான் இனிக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு நினைவு என்று சொல்லாதீர்கள். அக்காவுக்குக் கிடைக்காத முடிவு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

மூன்றாம்பேஸ் (ஸ்காபரோ)
நேற்றிரவு அப்பாவோடு உட்கார்ந்தேன். வெளியே பனி. தேத்தண்ணீர் ஆறிப்போனது. பதினொன்றாவதில் ஸ்மித்தின் ஹோம் ரன் வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எழுதினார். விளாடி டபுள் அடித்து இரண்டாவது பேஸில் நின்றபோது, முடிவு தெரிந்திருந்தும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு நம் கேர்க்கின் மட்டை உடைந்து பந்து டொட்ஜர்ஸின் பெட்ஸிடம் போனது. டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். அப்பா கட்டத்தில் 6-3 (பந்து எந்த இட ஆட்களின் கையில் போனது என்ற எண்கள்) என்று எழுதி, அடியில் ஸ்கோர் 5-4 என்று போட்டு, கோடு இழுத்தார்.

பிறகு ஒன்பதாவது கட்டத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். "கைனர்-ஃபலேஃபாவைப் பிழை சொல்லாதே. பேஸை ஒட்டி நிற்கச் சொன்னதாக அவனே சொன்னான். தரையில் படாமல் நேரே பறக்கும் லைன் டிரைவ் பிடிபட்டு, அவன் தள்ளி நின்று அவுட் ஆகியிருந்தால், அதையும் நீ முப்பது தரம் பார்த்திருப்பாய்."

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் திரும்ப வாதாடுவோம்.

வசந்தம்வரும்
அப்பா சொல்வதுதான் சரி, அண்ணா.