வயதானவர்களுக்கு எண்ணெயை அடியோடு நிறுத்துவது சரியா?

மேலூர்த் தம்பி:
எங்கள் அப்பத்தாவுக்கு 72 வயது, சுகர் உண்டு. கொழுப்பு கூடியிருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் சித்தப்பா வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி கஞ்சி இல்லாவிட்டால் இடியாப்பம், இவ்வளவுதான் சாப்பாடு. இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190-லிருந்து 260-க்குப் போய்விட்டது. ஆளும் மெலிந்து, படி ஏற சுவரைப் பிடிக்கிறார். எண்ணெயை இப்படி ஒரேயடியாக நிறுத்துவது தப்பு என்கிறேன், சித்தப்பா கேட்க மாட்டேன் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

அரசரடிக்காரன்:
உங்கள் சித்தப்பா பக்கம்தான் நான். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. உட்கார்ந்தே இருக்கிற வயதில் அந்த 9 எங்கே செலவாகும்? அப்புறம் நம் ஊர் ஆட்களிடம் குறை என்றால் குறைக்கவே மாட்டார்கள் தம்பி. பரோட்டா, சால்னா, சுக்கா என்று வளர்ந்த நாக்கு, நிறுத்து என்று சொன்னால்தான் பாதியாவது குறையும். எல்டிஎல் இறங்கியிருக்கிறதே, மாரடைப்புக்கு அதுதானே முக்கியம்?

தெற்குவாசல் அக்கா:
எல்டிஎல் முக்கியம்தான், இறங்கியது நல்லதுதான். ஆனால் எண்ணெய் போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று பாருங்கள். இட்லி, சோறு, கஞ்சி, இடியாப்பம், நாலுமே அரிசி. தேவைக்கு மேல் போகிற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பும், அதுதான் ட்ரைகிளிசரைடு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இது இன்னும் அதிகம். எண்ணெயைக் குறைத்து அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால் ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் இறங்கும், இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நம் ஆட்களுக்கு ஏற்கெனவே இந்த இரண்டும்தான் பிரச்சினை, கூடவே தொப்பை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அவர் மெலிந்ததுதான். அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் பருப்பு எங்கே, முட்டை எங்கே, மீன் எங்கே? 65 தாண்டியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள், ரசச் சோற்றில் அது கிடைக்காது. சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைப்பது தசைதான், தசை கரைந்தால் சுகரும் கட்டுக்குள் நிற்காது.

செக்கடி வாசி:
இதைத்தான் வருஷக்கணக்கில் கத்துகிறேன். மரச்செக்கு எண்ணெயும் வீட்டு நெய்யும் யாரையும் கெடுத்ததில்லை, எங்கள் தாத்தா சோற்றில் நெய் ஊற்றாமல் கை வைத்ததே இல்லை. 2017-இல் பியூர் என்று ஒரு ஆய்வு வந்தது, 18 நாடுகள், 1,35,000 பேருக்கு மேல். மாவுச்சத்து அதிகம் தின்றவர்கள்தான் அதிகம் செத்தார்கள், கொழுப்பு தின்றவர்கள் இல்லை. தேங்காய் எண்ணெய், நெய், எதுவானாலும் தாராளமாகக் கொடுங்கள்.

தெற்குவாசல் அக்கா:
அண்ணே, தாராளம் என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. பியூர் ஆய்வு, மக்கள் சாப்பிடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தது. முக்கால் வயிறு சோற்றாலேயே நிரப்புகிறவர்களில் ஏழைகள் அதிகம், அவர்கள் சாவுக்குச் சோறு மட்டுமா காரணம்? இதற்கு மாறாக ஸ்பெயினில் 55 முதல் 80 வயது வரை 7,400 பேரைப் பிரித்து, சிலருக்கு ஆலிவ் எண்ணெயும் சிலருக்குக் கொட்டைப் பருப்புகளும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவில் பிரித்த விதத்தில் கோளாறு இருந்ததால் திரும்பப் பெற்று, 2018-இல் மறுபடி கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அப்போதும், இவை கொடுக்காதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துச் சுமார் 30 சதவீதம் குறைவு. ஆனால் அது நெய் இல்லை.

செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில், எல்டிஎல்-ஐ ஏற்றுகிற நிறைகொழுப்பு 90 சதவீதத்துக்குப் பக்கம்தான், நெய்யில் 60-க்கு மேல். நல்லெண்ணெயில் 15, கடலை எண்ணெயில் 20-க்குள். எல்டிஎல் கூடியிருக்கிற கிழவிக்கு எதை ஊற்றுவது என்று நீங்களே பாருங்கள். நிறைகொழுப்பு மொத்த கலோரியில் 10 சதவீதம் தாண்டக் கூடாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது.

உசிலம்பட்டி:
பேச நன்றாகத்தான் இருக்கிறது. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், செக்கு நல்லெண்ணெய் அதைப்போல் பல மடங்கு. ஓய்வூதியத்தில் ஓடுகிற வீட்டில் கிழவன் கிழவிக்குத் தனி எண்ணெய் யார் வாங்குவது?

தெற்குவாசல் அக்கா:
நியாயமான கேள்வி. செக்கு வேண்டாம், சாதாரணக் கடலை எண்ணெய் போதும். ஆளுக்கு நாளைக்கு நாலு டீஸ்பூன், அதாவது 20 கிராம் என்றால் மாதம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். பாமாயில்தான் இருக்கிறது என்றால் அதையே அளந்து ஊற்றுங்கள், பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள்.

அரசரடிக்காரன்:
அளந்து ஊற்றுகிற வீட்டை நான் பார்த்ததில்லை அக்கா. நீங்கள் சொன்ன நாலு டீஸ்பூன் ஒரே வாரத்தில் நாலு குழிக்கரண்டி ஆகும். சோற்றைக் குறைக்கவும் அந்த வயதில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நிறுத்தியதே சரி என்பேன், பருப்பையும் முட்டையையும் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேலூர்த் தம்பி:
அப்பத்தா முட்டை சாப்பிடுவார். ராத்திரிக் கஞ்சிக்குப் பதில் பாசிப்பருப்பு அடையும் ஒரு முட்டையும், மதியம் சோறு பாதியாக்கிக் கூட்டும் கீரையும், தாளிக்க நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். நாளைக்கே ஆரம்பிக்கலாமா?

தெற்குவாசல் அக்கா:
டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சோற்றைத் திடீரென்று பாதியாக்கி, கிளைமிபிரைடு மாதிரி சுகரை இறக்குகிற மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் ராத்திரியில் சுகர் இறங்கி மயக்கம் வரும், விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். புரதத்தைக் கூட்டுவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும், சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் ட்ரைகிளிசரைடு ஏறும், அதனால் தைராய்டுப் பரிசோதனையான டிஎஸ்எச்-ஐயும் மூன்று மாதச் சராசரிச் சுகரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், எண்ணெய் எவ்வளவு என்று டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.