ரெய்டு அன்னைக்கு ஜீப் ஓட்டுனவன் சொல்றேன்

கீழ்மலை ஜீப்:
ரெண்டு நாளா சண்டை போட்டுக்கிட்டு இருக்கீங்க, வெளிநாட்டுக்காரன் அழுத்தம் குடுத்துத்தான் இந்தக் கொத்தடிமை மீட்பு ரெய்டெல்லாம் நடக்குது, லேபர் சட்டம் தோட்டத்தொழில அழிக்கத்தான் வந்திருக்குன்னு. நான் பாத்தத மட்டும் சொல்றேன். கொடைக்கானல் கீழ்மலைல பண்ணைக்காடு - தாண்டிக்குடி ரூட்ல பதினாலு வருஷமா ஜீப் ஓட்டுறேன். ஒரு நாள் விடியக்காலைல ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல இருந்து போன், வண்டி வேணும், எங்கன்னு இப்ப சொல்ல முடியாதுன்னாங்க. முன்னாடி ஆர்டிஓ வண்டி, நடுவுல போலீஸ், கடைசில நான். போய் நின்ன எடம் நான் வாரா வாரம் அரிசி மூட்டை இறக்குற காப்பித் தோட்டம்!

தோட்டத்துக்காரங்க வேலையாளுங்களுக்குக் குடுத்த லைன் வீட்ல இருந்து பதினோரு பேர் வெளிய வந்தாங்க. போலீஸ் சட்டையப் பாத்ததும் ரெண்டு பொம்பளைங்க அழுதுட்டாங்க, தாங்கதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சு. ஒரு பாட்டி கோழியக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்து "தம்பி இதுக்கும் எடம் இருக்கா"ன்னு கேட்டுச்சு. மகன் கல்யாணத்துக்கு 20,000 அட்வான்ஸ் வாங்குனதாம், நாலு வருஷம் குடும்பமே காப்பிப்பழம் பறிச்ச பிறகும், வேலைக்கு ஆள் பிடிச்சு வச்சிருக்குற மேஸ்திரியோட நோட்டுல 38,000 நிக்குது. கடன் கழியுற வரைக்கும் வத்தலக்குண்டு சந்தைக்குக்கூட குடும்பத்தோட போகக்கூடாது, ஒரு ஆள் தோட்டத்துல இருந்தாகணும். இத்தனை நாள் அந்த முற்றத்துல மூட்டை இறக்குனவன் நான், எனக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கு.

கொடைக்கானல் ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா வாக்குமூலம் வாங்கி முடியறப்ப ராத்திரி எட்டு மணி, குளிரு, சின்னப் பிள்ளைங்க தூங்கிடுச்சு. எதுத்த டீக்கடைல மேஸ்திரி நிக்கிறான். கொத்தடிமைல இருந்து விடுவிச்சாச்சுங்கிற விடுதலைச் சான்றிதழ் ஏழு பேருக்குக் கைக்கு வந்துச்சு, பாட்டி வீட்டு ஆளுங்க நாலு பேருக்கு நாளைக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த நாலு பேரும் அன்னைக்கே மேஸ்திரி வண்டிலதான் திரும்பிப் போனாங்க, வேற எங்க போவாங்க சொல்லுங்க?

மிளகுத் தோட்டம்:
அண்ணே, மனசு கஷ்டமா இருக்கு. ஆனா எங்க பக்கமும் கேளுங்க. எனக்கு மூணு ஏக்கர், காப்பியும் மிளகும். அட்வான்ஸ் குடுக்கலேன்னா ஆளே வர மாட்டாங்க, வாங்கிட்டு ஒரு வாரத்துல காணாமப் போனவங்களும் உண்டு, யாரையும் பூட்டி வச்சதில்ல. போலீஸ் ஜீப்பு மேல ஏறுனாலே எனக்கு வயித்தக் கலக்குது, நாளைக்கு என் பேரும் வந்துருமோன்னு.

சங்கத்து அக்கா:
தம்பி, அட்வான்ஸ் குடுக்குறது குத்தம் இல்ல. அந்தக் காசக் காட்டி வேற எடத்துக்குப் போகாதேன்னு நிறுத்துறதுதான் கொத்தடிமை. வெளிநாட்டுக்காரன் எழுதிக்குடுத்த சட்டம்னு சொல்றவங்களுக்கும் சேத்துச் சொல்றேன், கட்டாய உழைப்பு கூடாதுன்னு நம்ம அரசியல் சட்டம் 23வது பிரிவுலயே இருக்கு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல வந்தது. குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்குனாலே அது கட்டாய உழைப்புன்னு டெல்லி ஏசியன் கேம்ஸ் கட்டட வேலைக்காரங்க கேஸ்ல 1982லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து 29 பழைய தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலா நாலு சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதுல போயிடுச்சு, அதப் பத்தித் தனியா சண்டை போடலாம், ஆனா 1976 சட்டம் அந்த 29ல இல்ல, அப்படியேதான் இருக்கு. அதுல முக்கியமான வரி என்னன்னா, அந்தக் கடனே செல்லாது. பாட்டி நோட்டுல நிக்கிற 38,000 சட்டப்படி பைசாக்கூட பாக்கி இல்ல. சான்றிதழ் கைல இருந்தாத்தான் உடனடி உதவி 30,000 வரைக்கும் கேக்க முடியும், மறுவாழ்வுப் பணம் ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைக்கு 2 லட்சம்ங்கிறது கேஸ்ல கொத்தடிமைன்னு நிரூபணம் ஆன பிறகுதான். அதனாலதான் அந்த ஒரு ராத்திரி அவ்வளவு பெருசு. ஆள மட்டும் கூட்டிட்டு வந்து காகிதம் குடுக்காம விட்டா நம்மளே மேஸ்திரி கைல ஒப்படைச்ச மாதிரி.

மலையடிவாரம்:
நான் கீழ கார்மெண்ட்ஸ்ல தையல் வேலை பாக்குறேன், கம்பெனி பேரு வேணாம். வெளிநாட்டு அழுத்தம்னா என்னன்னு எங்க திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தெரியும். 2021 ஜனவரில எச் அண்ட் எம்ங்கிற வெளிநாட்டுத் துணிக் கம்பெனிக்குத் தைக்கிற ஃபேக்டரில வேலை பாத்த ஒரு தலித் பொண்ண அவளோட சூப்பர்வைசரே கொன்னுட்டான். அதுக்கப்புறம் பொம்பளைங்க நடத்துற சங்கம் விடாம நின்னுதான் 2022 ஏப்ரல்ல வேலை எடத்துல பொம்பளைங்க மேல நடக்குற வன்முறையத் தடுக்குறதுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஃபேக்டரி கம்பெனியும் எச் அண்ட் எம்மும் சேந்து. ஜூலைல கட்டாய உழைப்பு நடக்குதுன்னு சொல்லி அமெரிக்க கஸ்டம்ஸ் அந்த ஃபேக்டரி சரக்க நிறுத்திட்டாங்க, செப்டம்பர்ல தடைய எடுத்தாங்க. அந்த நடுவுல எங்க லைன்ல ஒரே பேச்சு, நம்ம கம்பெனிக்கும் ஆர்டர் நின்னா வேலை போயிருமே, தவணை யாரு கட்டுறதுன்னு. தூரத்துல இருந்து சரக்க நிறுத்துறவனுக்கு எங்க வீட்டு அடுப்பு தெரியாது, அது உண்மை. ஆனா அந்தப் பயத்த வச்சு வாய மூடுன்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு சாகுறதுக்கு முன்னாடி யாரு அழுத்தம் குடுத்தீங்க? உள்ளூர்ல ஒருத்தர் கேட்டிருந்தாப் போதுமே.

மிளகுத் தோட்டம்:
அக்கா, நோட்டுல கையெழுத்து வாங்குறத நிறுத்திட்டு வாரக்கூலியா குடுத்தா சரியா இருக்குமா? என் தோட்டத்துல இப்ப ஆறு பேர் இருக்காங்க.

சங்கத்து அக்கா:
வாரக்கூலி, குறைஞ்சபட்சக் கூலிக்குக் குறையாம, அவங்க கைலயும் ஒரு கணக்குச் சீட்டு. எப்ப போகணும்னாலும் போகலாம்னு வாயால சொல்லுங்க, அத அவங்க உங்க வாயால கேக்கணும்.

கீழ்மலை ஜீப்:
பாட்டி அங்கேயேதான் இருக்கு. போன மாசம் மூட்டை இறக்கப் போனப்ப மேஸ்திரி இல்லாத நேரமாப் பாத்து கடன் செல்லாதுங்கிற விஷயத்தச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச்சு, நம்பவே இல்ல. அக்கா எழுதிக்குடுத்த மனுவோட ரெண்டு தடவை ஆர்டிஓ ஆபீசுக்குப் போயாச்சு. திங்கக்கிழமை மூணாவது தடவை போறோம், இந்தத் தடவை பாட்டியும் வருது, நான்தான் கூட்டிட்டுப் போறேன். கூட வர்றவங்க காலைல ஏழு மணிக்கு பண்ணைக்காடு பஸ் ஸ்டாப்ல நில்லுங்க, வண்டில இன்னும் நாலு பேருக்கு எடம் இருக்கு.