காப்பர் சல்பேட்டில் போட்ட அலுமினியம் ஏன் சும்மா கிடக்கிறது?

கேள்வி – பத்தாம்_வகுப்பு_டீச்சர்

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு செய்முறையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், அலுமினியம் நான்கையும் அவற்றின் சல்பேட் கரைசல்களில் போட்டு வினைபடு வரிசையை, அதாவது எது அதிகம் வினைபுரியும், எது குறைவு என்ற வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரும்பும் துத்தநாகமும் காப்பர் சல்பேட்டில் ஒழுங்காக வினைபுரிகின்றன. வரிசையில் அவ்விரண்டுக்கும் மேலே இருக்கும் அலுமினியத் துண்டு மட்டும் அரை மணி நேரமானாலும் பளபளப்பு மாறாமல் அப்படியே கிடக்கிறது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தும் பலனில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்ததை எழுதினால் அலுமினியம் இரும்புக்குக் கீழே போய்விடும். வகுப்பில் இதை எப்படிச் சரியாகச் செய்து காட்டலாம்?

பதில் – மின்வேதி

அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம்தான் காரணம். சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆனால் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் தேய்த்துக் கையை எடுப்பதற்குள் காற்றிலுள்ள ஆக்சிஜன் புதுப் படலத்தை உண்டாக்கிவிடும். அதனால் உப்புத்தாள் இங்கே உதவாது. இரும்பின் துரு உதிரும், உள்ளே ஈரத்தை விடும். அலுமினியத்தின் படலம் அப்படியில்லை, காப்பர் அயனியை உலோகத்தைத் தொடவே விடாது.

வினைபுரியும் நாட்டத்தில் குறையேதும் இல்லை. திட்ட மின்முனை மின்னழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76, இரும்புக்கு −0.44, தாமிரத்துக்கு +0.34. எண் எவ்வளவு எதிர்மமோ அவ்வளவு எளிதில் உலோகம் எலக்ட்ரானை இழக்கும். வினை நடக்குமா என்பதை இந்த எண்கள் சொல்லும். எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைச் சொல்லாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் இந்த வேறுபாட்டைத் தயங்காமல் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

பதில் – ஆய்வக_உதவி

கரைசலில் கொஞ்சம் சமையல் உப்பைச் சேருங்கள். குளோரைடு அயனி ஆக்சைடு படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். சல்பேட் அயனிக்கு அந்தத் திறன் கிடையாது.

50 மி.லி. தண்ணீரில் 2.5 கிராம் மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) படிகம் கரைத்தால் ஏறத்தாழ 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்) செறிவு கிடைக்கும். இதேபோல் இரண்டு பீக்கர்களில் தலா 50 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு அலுமினியத் தாளை, சமையலறையில் சாப்பாடு சுற்றுவோமே அதையே, தளர்வாகக் கசக்கிப் போடுங்கள். 8 செ.மீ. சதுரம் போதும். 11 மைக்ரான் தாளென்றால் அது ஏறக்குறைய 0.19 கிராம் இருக்கும். கரைசலிலுள்ள தாமிரம் முழுவதையும் வெளியேற்ற 0.18 கிராம் வேண்டும். இறுக்கி உருட்டினால் உள்ளே கரைசல் போகாது.

சில நிமிடம் இரண்டும் அப்படியே இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு ஒன்றில் மட்டும் 1.5 கிராம் உப்பு போட்டுக் கலக்குங்கள். முதலில் தாளின் மடிப்பு ஓரங்களில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், குமிழிகள் வரும். பிறகு தாள் ஓட்டை ஓட்டையாகக் கிழிந்து, பஞ்சு போன்ற தாமிரம் அடியில் சேரும், நீலம் வெளிறும். படிவது பளபளக்கும் செம்பாக இருக்காது. நுண்துகள் என்பதால் கருமையாகவும் தெரியலாம்.

கரைசலை இதைவிடச் செறிவாக்காதீர்கள். இந்த அளவிலேயே வினை முழுமையாக நடந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி உயரக் கணக்கிருக்கிறது. 0.5 மோலார் என்றால் அந்த உயர்வு 50 டிகிரி வரை போகும், சோதனைக்குழாயில் செய்தால் கொதித்துத் தெறிக்கும். வருகிற குமிழி ஹைட்ரஜன். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது, பீக்கரை மூடவும் கூடாது.

பத்தாம்_வகுப்பு_டீச்சர்

நன்றி சார். "அப்படியென்றால் வினைபுரிந்தது உப்புதானே?" என்று யாராவது கேட்பார்களே?

பதில் – மின்வேதி

கேட்க வேண்டிய கேள்விதான் டீச்சர். அதற்கு மேலும் இரண்டு பீக்கர் வையுங்கள். ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீரும் அலுமினியத் தாளும்: வகுப்பு முடியும்வரை கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மற்றொன்றில் காப்பர் சல்பேட், அலுமினியத் தாள், சமையல் உப்புக்குப் பதில் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். அதிலும் தாள் அசையாது. இரண்டையும் பார்த்தால், காரணம் ஏதோவோர் உப்பல்ல, குளோரைடு அயனிதான் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

குமிழி ஏன் என்றும் கேட்பார்கள். காப்பர் சல்பேட் கரைசல் லேசான அமிலத்தன்மை உடையது. படலம் போனதும் அலுமினியம் அந்த ஹைட்ரஜன் அயனிகளையும் விடுவதில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலுமினியம் சிறிது தாமதித்துக் கொதிப்பதும், நீர்த்த கந்தக அமிலத்தில் மந்தமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

பதில் – செய்முறை_நோட்டு

இரும்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.ஐ. ஆணி வாங்கிவிடாதீர்கள். மேலே துத்தநாகப் பூச்சு இருப்பதால் முதலில் துத்தநாகம்தான் வினைபுரியும், கறுப்பாகப் படியும், கரைசல் பச்சையாகாது. எவர்சில்வர் ஆணியும் வேண்டாம், அதற்கும் குரோமியம் ஆக்சைடு கவசம் உண்டு. சாதாரண இரும்பாணியைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துப் போடுங்கள். பெரஸ் சல்பேட் (இரும்பு சல்பேட்) கரைசலை அன்றன்றே தயாரித்து, சில துளி நீர்த்த கந்தக அமிலம் விடுங்கள். பழைய கரைசல் மஞ்சளாகிவிடும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வினை நடந்ததாக எழுதுவார்கள்.

துத்தநாக சல்பேட்டில் அலுமினியம் போடும் பகுதியில் தெளிவான மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். சாம்பல் உலோகத்தின் மேல் சாம்பல் உலோகம் படிந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அங்கே "மாற்றம் புலப்படவில்லை, ஆக்சைடு படலம் தடுக்கிறது" என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

எல்லாம் முடிந்ததும் நீலக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. ஒரே வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஒரு நாள் விடுங்கள். நீலம் போனபின் வடிகட்டினால் தாமிரம் வடிதாளில் நின்றுவிடும்.